ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது

காலை எட்டரைக்கு மழைமானியில் 11 மில்லிமீட்டர். ராத்திரி கேட்ட சத்தத்துக்கு நாற்பதாவது இருக்கும் என்று நம்பித்தான் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஓட்டில் விழுகிற மழைக்கு வாய் அதிகம். குழாயைக் கண்ணுக்கு நேரே இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன். 11-தான். நோட்டில் எழுதிவிட்டுக் காப்பி போட வந்தால், அதற்குள் என் வீட்டுக்காரர் செல்போனில் பங்காளிகள் குழு விழித்துக்கொண்டிருக்கிறது. "ஆச்சி, வீடு ஒழுகுதா?" "வளவுல தண்ணி நிக்குதா?" "டிவியில தாழ்வுன்னு சொல்றானே, அது நம்ம பக்கம் வருமா?"

குழுவில் இருப்பது இவர். மழை அளப்பது, வாளி வைப்பது, பதில் எழுதுவதெல்லாம் நான். பதில் இவர் பெயரில்தான் போகிறது. ஆனாலும் எல்லோரும் "ஆச்சி" என்றுதான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இந்தத் தடவை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். பதினோரு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது, ஆளுக்கொரு பங்கு. பத்துப் பங்குக்காரர்களின் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, சாவி என்னிடம். மதுரையில் இருபத்தேழு வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றதும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தோம். வந்த முதல் ஐப்பசியிலேயே தெரிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள வேண்டியது மாமியாரை இல்லை, கூரையை என்று. மாமியாருக்கு 86 வயது. நன்றாகவே இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தென்மேற்கு வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது. மேற்கு, வடமேற்காக நகரும் என்கிறார்கள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டிவியில் சென்னையின் ஒவ்வொரு தெருவுக்கும் ஜாதகம் கணிக்கிறார்கள். நம் பக்கத்துக்குக் கிடைப்பது கடைசியில் வேகமாக வாசிக்கிற ஒரு மாவட்டப் பட்டியல்: "சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்..." அதோடு விளம்பரம் வந்துவிடும்.

அந்த "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் மழை அளக்கும் இடங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பெய்தால் அது ஓரிரு இடம். அதாவது நாலு ஊரில் ஒரு ஊர். அந்த ஒரு ஊர் பெரும்பாலும் பக்கத்து ஊராகத்தான் இருக்கும், இது என் அனுபவம். அதே மாதிரி "கனமழை" என்பதும் வாய்க்கு வந்த சொல் இல்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. 115.6-லிருந்து மிகக் கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. அந்த 24 மணி நேரமும் நம் ஊர்க் கணக்கில் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. நானும் அதனால்தான் எட்டரைக்கு அளக்கிறேன். ஏழு மணிக்கே எட்டிப் பார்க்கச் சொல்லி இவர் அவசரப்படுத்துவார், நான் போவதில்லை.

இந்தத் தாழ்வு நமக்கா, சென்னைக்கா? இதற்குப் பதில் சொல்ல செயற்கைக்கோள் படம்கூட வேண்டாம், ஒரு ஊதுபத்தி போதும்.

பூமியின் வடபாதியில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். எனவே காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857-இல் சொன்னது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி இதை நடத்தியிருக்கிறேன். பாதிப் பேர் முதுகைத் திருப்பி நின்ற வேகத்தில் அப்படியே கேட்டைப் பார்க்க நடந்துவிடுவார்கள்.

இப்போது நம் முகப்பில் நின்று பாருங்கள். வாடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது வடக்கிலிருந்து. முதுகு வடக்கே, முகம் தெற்கே, இடது கை கிழக்கே. தாழ்வு கிழக்கே கடலில் இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் காற்று தரை மேலேயே வருவதால் ஈரம் குறைவு. வானம் வெளுத்து, வெயில்கூட அடிக்கும். "என்ன ஆச்சி, மழைன்னீங்க" என்று ஊரே கேட்கும். காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கிவிட்டால் இடது கை வடக்கே. தாழ்வு சென்னைப் பக்கமோ ஆந்திராப் பக்கமோ ஏறிவிட்டது. மலைத்தொடரைத் தாண்டி இறங்குகிற வறண்ட காற்று நமக்கு. சாயங்காலம் ஒரு இடிமழை தப்பித்தவறிக் கிடைக்கலாம், அடைமழை கிடையாது. ஆனால் கிழக்கிலிருந்து அடித்தால், கடற்கரைக்காரர்கள் கொண்டல் என்பார்களே அது, இடது கை தெற்கைக் காட்டும். தாழ்வு இலங்கைப் பக்கமோ குமரிக் கடலிலோ இருக்கிறது. பாக் நீரிணையின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு தொண்டி, மீமிசல் வழியாகத் தேவகோட்டை, காரைக்குடி என்று நேரே உள்ளே வரும் காற்று. நமக்கான மழை அதுதான்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்கு நேர் கதவாகப் பின்தெரு வரைக்கும் தெரியும். அதனால் கொண்டல் அடித்தால் முகப்பில் ஏற்றிய ஊதுபத்தி அடுப்படியில் மணக்கும். வாடை என்றால் புகை முகப்பிலேயே தெற்குச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நான் காற்றின் திசை காட்டும் விண்டி ஆப்பில் அம்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாள் மாமியார்தான் இதைச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. புத்தகம், கரும்பலகை, மைதானம் என்று நான் அலைந்து நடத்தியதை இவர் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கால் பார்த்திருக்கிறார்.

என் கணிப்புகளை முழுசாக நம்பும் முன் போன வருஷக் கதையையும் கேட்டுவிடுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். நானும் குழுவில் பெரிதாக எழுதிவிட்டேன். ஓட்டுக்காரரை அவசரமாகக் கூப்பிட்டு, பத்து அறைகளையும் திறந்து, பெட்டிகளையெல்லாம் சுவரிலிருந்து நகர்த்தி, ஏழு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வளவு முற்றத்தில் வரிசையாக வைத்தாயிற்று. தாழ்வு ஒரே ராத்திரியில் வடக்கே ஏறிவிட்டது. மறுநாள் காலை வெயில் அண்டாக்களில் பட்டுக் கண் கூசியது. மழைமானியில் 0. ஒரு பங்காளி அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, "ஆச்சி, அண்டா நல்லா பளபளன்னு இருக்கு" என்று எழுதினார். சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, எந்த நிற எச்சரிக்கையும் இல்லாத ஒரு சாயங்காலம், இரண்டு மணி நேரத்தில் 87 மில்லிமீட்டர் கொட்டியது. வளவின் தண்ணீர் வெளியே போகிற தூம்பில் ஏதோ பிள்ளையின் ரப்பர் பந்து அடைத்துக்கொண்டு முற்றம் முழுக்க முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். ஒற்றை ஆளாய்க் குனிந்து கையை விட்டு அந்தப் பந்தை எடுத்தேன். அண்டாக்கள் அப்போது பரணில்.

இடிமழை அப்படித்தான். தாழ்வு என்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாலு நாள் முன்னாலேயே படத்தில் தெரியும். சாயங்கால இடிமேகம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலம், பிறந்து பெய்து செத்துப் போக இரண்டு மணி நேரம். அதற்கு மாவட்டத்துக்கே ஒரு நிறம் பூசினால் என்ன தெரியும்? அன்றைக்கு ரேடார் பார்ப்பதுதான் வழி. நமக்கு வசதியானது காரைக்கால் ரேடார். ஆனால் அதன் கதிர் போகப் போக உயரத்துக்குப் போய்விடும். நம் ஊர்ப் பக்கம் வரும்போது தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேலே. உயர்ந்த இடிமேகம் பளிச்சென்று தெரியும். தாழ்ந்த மேகத்தின் தூறலை அது பார்க்காது. படத்தில் ஒன்றுமில்லை, கொடியில் துணி நனைகிறது என்றால் ஆப்பைத் திட்டாதீர்கள்.

ஒழுகுவதைப் பற்றிக் கேட்டீர்களே. ஓடு மாற்றும் வேலை ஆவணிக் கடைசியிலேயே ஆயிற்று. உடைந்ததில் பாதி மழையால் உடைந்தது இல்லை, குரங்கு வேலை. ஓட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். ஓட்டுக்காரர் நடக்கும்போது நான் கீழே நின்று பார்த்தேன். முழுப் பாதத்தை ஊன்றவே மாட்டார். இரண்டு ஓடு சேருகிற மேட்டில் பெருவிரலை மட்டும் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு கையால் ஓட்டைத் தடவிக்கொண்டே போவார். விரல் நுனியால் தட்டினால் நல்ல ஓடு கிண்ணென்று சொல்லும், விரிசல் விட்டது சப்பென்று. "ஆச்சி, ஓட்டுல தண்ணி இறங்கல. இங்கதான் பாருங்க" என்று கூடுவாய்த் தகரத்தைக் காட்டினார். வளவைச் சுற்றி நாலு பக்கச் சரிவும் சேருகிற மூலைகளில் இருக்கிறதே, அதுதான். இரண்டு சரிவின் தண்ணீரும் அந்த ஒரு தகரத்தில்தான் இறங்க வேண்டும். வடகிழக்கு மூலைத் தகரத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் துரு. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கீழே நின்று அண்ணாந்தால் அந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. அடைத்திருக்கிறோம். மாற்ற வேண்டும். மாற்ற எல்லாப் பங்குக்காரர்களும் சம்மதிக்க வேண்டும், அது இந்த ஐப்பசியில் நடக்கிற காரியமில்லை.

அந்த ஒரு மூலைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நம்பாதவர்களுக்காகக் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். வளவுக்குள் தண்ணீர் தள்ளும் ஓட்டுப் பரப்பை டேப் வைத்து அளந்தேன், ஏறக்குறைய 300 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் பெய்தால் 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. அதை நாலு மூலைக்குப் பங்கு போட்டாலும் மூலைக்கு 3,000. இந்த வீட்டைக் கட்டியவர்கள் இதைத் தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். முதல் மழை கூரையைக் கழுவிவிட்டுப் போகும், இரண்டாம் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிப்போம், மிச்சம் தூம்பு வழியாக வெளியே போய்த் தெரு வாய்க்கால், அங்கிருந்து ஊருணி. அந்த மழைத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டுப் பாருங்கள், ஊற வைக்காமலே குழைந்துவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அதே பருப்பு கல்லு மாதிரி நிற்கும்.

ஊருணி வரைக்கும் போனால் நல்லதுதான். போவதில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்காலின் ஒரு பக்கத்தை மூன்று வருஷம் முன் மனை போட்டவர்கள் மண்ணைத் தள்ளி மேடாக்கிவிட்டார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத் தண்ணீர் சாலைக்குத் திரும்பிவிடுகிறது. மனு கொடுத்திருக்கிறோம். மனுவும் அங்கேயே எங்கோ நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது போல.

மழை எங்களுக்குப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். புழுதி விதைப்புச் செய்தவர்கள் புரட்டாசியிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விதை காய்ந்த மண்ணில் கிடக்கிறது. இப்போது வேண்டியது ஒரு உழவு மழை, பதமாக. மாமியாரின் அப்பச்சி எழுதி வைத்த பழைய பேரேட்டில் வட்டிக் கணக்குக்கு நடுவே "இன்று இரண்டு உழவு மழை" என்று வரும். மில்லிமீட்டர் அவருக்குத் தேவைப்படவில்லை. ஏரை வைத்தால் மண் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அளவு. கண்மாய் பெருகி மறுகால் போவதற்கு இது மாதிரி இன்னும் நாலைந்து தாழ்வு சரியான திசையில் வர வேண்டும். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்த அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடை இல்லை என்பார்கள். மார்கழியில் பெய்தால் அது கதிருக்குக் கேடு.

காற்று வேறு விஷயம். அதற்குப் பயப்படத்தான் வேண்டும். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கடற்கரையைத் தாண்டியதும் புயல் அடங்கிவிடும் என்றுதான் நானும் பாடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆலங்குடிப் பக்கம் பலா மரங்களும் தென்னைகளும் வரிசையாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். மழை எவ்வளவு என்று கேட்டால் நினைவில்லை. எங்கள் கொல்லை வேம்பு சாய்ந்த சத்தம் நினைவிருக்கிறது. இப்போது கடலில் இருப்பது அந்த அளவு இல்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால்தான் புயல், பெயர் வைப்பதும் அப்போதுதான். இது இன்னும் முதல் படியிலேயே இருக்கிறது.

இந்த வாரத்துக்கு என் கணிப்பு. இன்று திங்கள், நேற்றுப் பெய்தது தாழ்வின் மழையில்லை, சாதாரண இடிமழை. வானிலையைக் கணினியில் கணக்குப் போட்டுச் சொல்லும் மாடல்களில், அமெரிக்க மாடல் இந்தத் தாழ்வை வட தமிழகக் கரைக்கு அனுப்புகிறது. ஐரோப்பிய மாடல் இலங்கையை ஒட்டி வந்து மேற்கே நகரும் என்கிறது. அமெரிக்கக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை கணக்குப் போடுகிறார், நேற்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி வருகிறார். எனவே நான் ஐரோப்பா பக்கம். அப்படியானால் செவ்வாயும் புதன் பகலும் வாடை, வெயில் எட்டிப் பார்க்கும். வடகம், வற்றல் மிச்சமிருந்தால் அதற்குள் காய வைத்துக்கொள்ளுங்கள். புதன் ராத்திரிக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விட்டு விட்டு மழை, ராத்திரியும் விடியலும்தான் வலுவாக இருக்கும். கடலை ஒட்டிய தொண்டிப் பக்கம் கூடுதல், உள்ளே நம் மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் குறைவு. எங்கள் மழைமானியில் இரண்டு நாளும் சேர்த்து 60-லிருந்து 90 வரை எதிர்பார்க்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறவர்கள் வரலாம். திருச்சியிலிருந்து காரில் வருபவர்கள் வெள்ளி ராத்திரியில் கிளம்பாமல் விடிந்து கிளம்புங்கள். தப்பாகப் போனால் அண்டாப் படம் அனுப்புகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொன்றாம் நாள். எல்லாப் பங்குக்காரர்களும் வருவீர்கள். அதற்குள் வடகிழக்கு மூலைத் தகரத்துக்கு ஒரு முடிவு எடுங்கள் என்று இவர் பெயரில் குழுவில் எழுதியிருக்கிறேன். மூன்று பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் படித்துவிட்டார்கள், நீலக்குறி தெரிகிறது.

இதை எழுதிக்கொண்டிருப்பது இரண்டாம் கட்டில், ராத்திரி ஒன்பது மணி. விளக்கேற்றும்போது முகப்பில் ஊதுபத்தி வைத்தேன். மாமியார் கட்டிலில் படுத்தபடி, "இன்னும் வாசம் வரலையே" என்கிறார்.

"புதன்கிழமை வரும் அயித்தை, தூங்குங்க" என்றேன். அண்டாக்களை நாளைக்குக் கழுவினால் போதும்.